கட்டம் இல்லாத பிள்ளைகள்: பள்ளிக்கூடமும் ஆட்டிசமும்

இன்னைக்கு எபிசோடு காஞ்சிபுரத்துல ஆரம்பிக்குது. ஆனா பட்டுப் புடவை பத்தி இல்ல, கோயில் இட்லி பத்தியும் இல்ல. ஒரு சொல்லைப் பத்தி. அந்தச் சொல், "பள்ளி".

காஞ்சிபுரம் டவுனை விட்டுத் தென்மேற்குப் பக்கம் கொஞ்ச தூரம் போனா, வேகவதி ஆத்தங்கரையில திருப்பருத்திக்குன்றம்னு ஒரு ஊர். பெரிய காஞ்சி, சின்னக் காஞ்சி எல்லாருக்கும் தெரியும். இது ஜின காஞ்சி, அதாவது சமணர்களோட காஞ்சி. இங்க இருக்குற திரைலோக்கியநாதர் கோயிலோட சங்கீத மண்டபத்தை 1387ல கட்டினவர் இருகப்பர், விஜயநகர அரசோட அமைச்சர். மேற்கூரை முழுக்கத் தீர்த்தங்கரர் கதைகளைச் சொல்ற ஓவியங்கள். ஆனா ஊர் அந்த மண்டபத்தைவிடப் பல நூற்றாண்டு பழசு. பல்லவர் காலத்துப் பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றத்து வஜ்ரநந்தி என்ற சமண குருவுக்கு ஒரு ஊரையே தானமா கொடுத்ததைப் பேசுது.

இப்போ "பள்ளி"க்கு வருவோம். பள்ளி கொள்ளுதல்னா படுத்தல். சமணத் துறவிகள் தங்கிப் படுத்த இடம் பள்ளி. துறவி இருந்த இடத்துல படிப்பும் இருந்தது. அந்தச் சொல் அப்படியே நகர்ந்து, இன்னைக்கு நம்ம பிள்ளைங்க முதுகுல பையை மாட்டிக்கிட்டுப் போற கட்டடத்துக்குப் பேரா நின்னுடுச்சு. தங்குற இடம், படிக்கிற இடமா ஆச்சு.

அந்த இடத்துல யார் யாருக்கு இடம் இருந்தது? இந்த எபிசோடு முழுக்க இந்த ஒரு கேள்விதான். குறிப்பா, ஆட்டிசம் இருக்குற ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல இடம் எப்படி வந்தது, இல்ல, வந்ததா?

முன்ரோவின் பட்டியல்

காஞ்சிபுரம் ரொம்பக் காலமாவே படிப்பூர். 4ஆம் நூற்றாண்டுல கர்நாடகத்துல இருந்து மயூரசர்மன்னு ஒருத்தர் தன் குருவோட காஞ்சிக் கடிகைக்கு வேதம் படிக்க வந்தார்னு தாளகுண்டா கல்வெட்டு சொல்லுது. பிறகு கதம்ப அரசை உருவாக்கினது அவர்தான். ஆனா கடிகை எல்லாருக்குமானது கிடையாது. பள்ளியும் முதல்ல துறவிகளுக்கானது. பழைய காலத்துல எல்லாருக்கும் படிப்பு இருந்தது, பிறகுதான் கெட்டுப்போச்சுன்னு ஒரு இனிப்பான கதை சுத்துது. நான் அதைச் சொல்லப் போறதில்ல.

நேரா 1822க்குத் தாவிடுவோம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் முன்ரோ எல்லா மாவட்டக் கலெக்டர்களுக்கும் ஒரு படிவம் அனுப்பினார். உங்க மாவட்டத்துல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை மாணவர்? கிடைச்ச விடை: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்தியக் கல்வி வரலாறு பேசுற யாரும் இந்த எண்களைத் தொடாமப் போக மாட்டாங்க.

எனக்கு எண்களைவிடச் சுவாரசியமா இருந்தது அந்தப் படிவத்தோட கட்டங்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற சாதியார், முஸ்லிம்கள். ஆண், பெண். அவ்வளவுதான். சாஃப்ட்வேர்ல வேலை பார்க்குற யாருக்கும் இந்த உண்மை தெரியும்: ஒரு டேபிள்ல காலம் இல்லன்னா, அந்தத் தகவல் உலகத்துல இருந்தாலும் சிஸ்டத்துக்கு அது இல்லாததுதான். பேச்சு வராத ஒரு பையன் திண்ணைப் பள்ளி வாசல்ல நின்னானா, அவனை உள்ள விட்டாங்களா, அண்ணாவி அடிச்சு விரட்டினாரான்னு எண்ண அந்தப் படிவத்துல கட்டம் கிடையாது.

அதுக்கப்புறம் அரசு எண்ண ஆரம்பிச்சது, ஆனா பள்ளிக்காக இல்ல. 1872ல தொடங்கின மக்கள்தொகைக் கணக்கெடுப்புல "குறைபாடுகள்"னு ஒரு பகுதி வந்தது. பைத்தியம், செவிட்டூமை, குருடு, தொழுநோய். இந்தச் சொற்களை இன்னைக்கு நாம பயன்படுத்த மாட்டோம், அன்னைக்கு அரசுத் தாள்ல இருந்தது இதுதான். இப்போ யோசிங்க. காது நல்லா கேக்குது, ஆனா கூப்பிட்டா திரும்பல. பேச்சு வரல, ஆனா கேட்ட பாட்டை அப்படியே திருப்பி முணுமுணுக்குது. இந்தப் பிள்ளையை எண்ண வந்தவர் எந்தக் கட்டத்துல போட்டிருப்பார்? செவிட்டூமையில, இல்லன்னா பைத்தியத்துல. ரெண்டும் தப்பு. ஆனா வேற கட்டம் இல்லையே.

ஒரு அப்பா எழுதின 33 பக்கம்

கட்டம் உருவான கதை காஞ்சிபுரத்துல இருந்து ரொம்ப தூரத்துல நடந்தது.

1925ல மாஸ்கோவுல குருன்யா சுகரேவான்னு ஒரு மருத்துவர், ஆறு பையன்களைக் கவனிச்சு எழுதினார். இன்னைக்கு அதைப் படிக்கிறவங்க, இது ஆட்டிசம்தானேன்னு சொல்றாங்க. ஆனா உலகம் அந்தக் கட்டுரையைப் பல பத்தாண்டு கவனிக்கல. 1943ல அமெரிக்காவுல லியோ கேனர் 11 குழந்தைகளைப் பத்தி எழுதின கட்டுரைதான் "ஆட்டிசம்" என்ற பேரை நிலைநிறுத்துச்சு. அடுத்த வருஷம் வியன்னாவுல ஹான்ஸ் ஆஸ்பெர்கர்.

கேனரோட முதல் கேஸ், மிசிசிப்பி மாநிலத்துல ஃபாரஸ்ட்னு ஒரு சின்ன ஊர்ப் பையன், டொனால்ட் டிரிப்லெட். கேனர் அவனைப் பார்க்குறதுக்கு முன்னாடியே, டொனால்டோட அப்பா மகனைப் பத்தி 33 பக்கம் டைப் பண்ணி அனுப்பியிருந்தார். என்ன சாப்பிடுவான், எதைச் சுத்துவான், எந்தச் சொல்லை எப்படிச் சொல்வான், எல்லாம். அதாவது, ஆட்டிசம் என்ற கட்டம் ஒரு டாக்டரோட மேசையில மட்டும் பிறக்கல. ஒரு வீட்டுல, பிள்ளையைத் தினமும் பார்த்துக்கிட்டு இருந்த ரெண்டு பேரோட குறிப்புல இருந்தும் பிறந்தது.

டொனால்ட் சின்ன வயசுல ஒரு விடுதியில விடப்பட்டான். அவனை அப்படியே மறந்துடுங்க என்பதுதான் அந்தக் காலத்து டாக்டர்கள் பெற்றோருக்குச் சொன்ன யோசனை. ஒரு வருஷத்துல அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. பிறகு ஊர்ப் பள்ளியிலயே படிச்சான், கல்லூரி முடிச்சான், பேங்க்ல வேலை பார்த்தான், கோல்ஃப் ஆடினான். 2023ல, 89 வயசுல இறந்தார். ஊரே அவரை "நம்ம ஆளு"ன்னு வச்சுக்கிட்டது.

அழகான கதைதான். ஆனா ஒரு விவரத்தை மறைக்கக் கூடாது. அந்த பேங்க் அம்மா வழிக் குடும்பத்தோடது. அப்பா வக்கீல். வெள்ளையர் குடும்பம், இனப் பிரிவினை இருந்த ஊர். பள்ளிக்கூடக் கதவு திறந்ததுக்குப் பையனோட திறமை மட்டும் காரணம் இல்ல, தட்டின கைக்கு இருந்த பலமும் காரணம். பலம் இல்லாத கைக்குக் கதவு திறக்கணும்னா, அதுக்குச் சட்டம் வேணும்.

பழி முதல்ல வந்தது, பள்ளி பிறகு

சட்டத்துக்கு முன்னாடி வந்தது பழி. அம்மா பாசம் காட்டாததாலதான் பிள்ளைக்கு ஆட்டிசம் என்ற கருத்து 1950கள், 60கள்ல கோலோச்சுச்சு. கேனரே பெற்றோரோட மனக் குளிர்ச்சியைப் பத்தி எழுதினவர்தான். 1967ல புரூனோ பெட்டல்ஹைம் எழுதின புத்தகம் அந்தப் பழியை ஊர் ஊரா கொண்டு போச்சு. "ஃபிரிட்ஜ் அம்மா" என்ற பட்டம் அப்படிப் பரவுச்சு. நம்ம ஊர்ல அதுக்கு வேற வார்த்தைகள்: செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா, செல்போனைக் குடுத்துட்டா, கர்ப்பத்துல கிரகணம் பார்த்துட்டா. மொழிதான் வேற, விரல் நீளுற திசை ஒண்ணுதான்.

இதை உடைச்சதுல பெற்றோர்களுக்குப் பெரிய பங்கு. 1962ல இங்கிலாந்துல பெற்றோர்கள் சேர்ந்து சங்கம் ஆரம்பிச்சாங்க. 1965ல சிபில் எல்கர் என்ற ஆசிரியரோட சேர்ந்து லண்டன் ஈலிங்ல தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியே தொடங்கினாங்க. அமெரிக்காவுல பெர்னார்ட் ரிம்லேண்ட், இவர் உளவியல் ஆய்வாளர், ஆட்டிசம் இருக்குற ஒரு பையனோட அப்பாவும்கூட, 1964ல எழுதின புத்தகத்துல இது உடலியல் சார்ந்தது, வளர்ப்பு சார்ந்தது இல்லன்னு வாதாடினார். 1969ல அதே கேனர், பெற்றோர் கூட்டத்துலயே நின்னு, உங்க மேல பழி இல்லன்னு சொன்னார். பழியைப் போட 20 வருஷம், எடுக்க ஒரு நாள்.

1975ல அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டு வந்தது. மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதணும். அந்தத் திட்டம் எழுதுற மேசையில பெற்றோருக்கு ஒரு நாற்காலி கட்டாயம். ஆட்டிசம் அந்தச் சட்டத்துல தனிப் பிரிவா வந்தது 1990ல.

ஏழு, நாலு, இருபத்தொண்ணு

இப்போ நம்ம நாடு. இங்கயும் கதை பெற்றோர்கிட்ட இருந்துதான் தொடங்குது. சென்னையில 1985ல, மூளை முடக்குவாதம் இருக்குற மகனோட அம்மா பூனம் நடராஜன் ஆரம்பிச்ச மையம்தான் இன்னைக்கு வித்யாசாகர். டெல்லியில 1991ல, ஆட்டிசம் இருக்குற மகனோட அம்மா மெர்ரி பரூவா ஆரம்பிச்சது ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம். பிள்ளைக்குப் பள்ளி கிடைக்கலன்னா பள்ளியைக் கட்டுறது. ஈலிங்ல நடந்ததேதான்.

1995ல இந்தியாவோட முதல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. அதுல ஏழு வகை: பார்வையின்மை, குறைபார்வை, தொழுநோயிலிருந்து குணமானவர், செவித்திறன் குறை, கை கால் இயக்கக் குறை, மனவளர்ச்சி குறை, மனநோய். ஒரு ட்ராப்டவுன் மெனு மாதிரி நினைச்சுக்கோங்க. ஏழு ஆப்ஷன். ஆட்டிசம் அதுல இல்ல, "மற்றவை"யும் இல்ல.

இதனால என்ன ஆச்சு? சான்றிதழ் வாங்கப் போன பெற்றோர், "மனவளர்ச்சி குறை" என்ற கட்டத்துக்குள்ள பிள்ளையைத் திணிக்க வேண்டியதாச்சு. அந்தக் கட்டத்துக்கு ஐக்யூ எண் வேணும். கேள்வியைக் காதுல வாங்கி வாயால பதில் சொல்லணும்னு எதிர்பார்க்குற சோதனையில, பேசாத பிள்ளை குறைஞ்ச எண் வாங்கும். சரளமா பேசுற ஆட்டிசப் பிள்ளை நல்ல எண் வாங்கும், அதனால சான்றிதழே கிடைக்காது. ஒருத்தனுக்குத் தப்பான பேர், இன்னொருத்தனுக்குப் பேரே இல்ல.

1999ல தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பெற்றோர் அமைப்புகள் போராடினதால அதுல ஆட்டிசம் பேரோட இடம்பெற்றது, நாலு வகையில ஒண்ணா. சட்டப் பாதுகாவலர் நியமனம், பிறகு நிராமயா காப்பீடு எல்லாம் அதுவழியா வந்ததுதான். ஆனா அந்தச் சட்டம் நலன், பாதுகாப்பு பத்தினது. பள்ளி இடம் பத்தினது இல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புலகூட ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. 1872ல இருந்து எண்ணிப் பார்த்தா 139 வருஷம்.

பள்ளிக்கான கதவு ரெண்டு தடவையா திறந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012ல ஒரு திருத்தம் வந்து, மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள் "வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு"க்குள்ள வந்தாங்க. தேசிய அறக்கட்டளைச் சட்டம் சொல்ற பிள்ளைகளும் இதுல அடக்கம். அதாவது தனியார் பள்ளியோட 25 சதவீத இடம் ஆட்டிசப் பிள்ளைக்கும் உண்டு. நிறைய பெற்றோர் அந்த ஒதுக்கீடு வருமானத்துக்கு மட்டும்னு நினைச்சுக்கிட்டு விட்டுடுறாங்க.

ரெண்டாவது, 2016 டிசம்பர்ல நிறைவேறின மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். ஏழு, இருபத்தொண்ணா ஆச்சு. ஆட்டிசம் தன் சொந்தப் பேருல உள்ள வந்தது. அளக்குறதுக்கும் தனி அளவுகோல்: 40 அம்சங்கள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். ஐக்யூ எண்ணுக்குப் பின்னாடி ஒளிய வேண்டிய தேவை போச்சு.

தமிழ்ல என்ன பேரு?

இடையில ஒரு சின்ன விஷயம். தமிழ்நாடு அரசுத் தாள்கள்ல ஆட்டிசத்துக்கு ரொம்ப நாள் புழங்கின பேரு "புற உலகச் சிந்தனையற்றோர்". கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஃபேன் சத்தம், டியூப்லைட் மினுக்கல், சட்டைக் காலர்ல இருக்குற லேபிள், எல்லாமே அளவுக்கு மீறி உள்ள வந்து மோதுற ஒரு பிள்ளைக்கு, புற உலகமே தெரியாதுன்னு பேரு வச்சிருக்கோம். பிறகு "மதி இறுக்கம்" வந்தது. யெஸ். பாலபாரதி மாதிரி எழுத்தாளர்கள் "ஆட்டிச நிலைக் குழந்தைகள்"னு எழுதுறாங்க. அவரோட "ஆட்டிசம்: சில புரிதல்கள்", லக்ஷ்மி பாலகிருஷ்ணனோட "எழுதாப் பயணம்", ரெண்டும் தமிழ்ல பெற்றோர் கையில குடுக்கக்கூடிய புத்தகங்கள். பேரு முக்கியம். ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர் அந்தப் பிள்ளையைக் குறிப்பிடுற முதல் சொல்தான், பெரும்பாலும் வருஷம் முழுக்க அவனை நடத்துற விதம்.

தறி நின்னா யார் கணக்கு?

திரும்பக் காஞ்சிபுரம். இந்த ஊர்ல "எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கு" என்பதே புதுசு. கோர்வைப் புடவை நெய்ய ரெண்டு பேர் வேணும். அந்த ரெண்டாவது ஆள் ரொம்பக் காலம் ஒரு சிறுவனோ சிறுமியோதான். பட்டுத் தறிக் கொத்தடிமைச் சிறுவர்களைப் பத்தி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ல வெளியிட்ட அறிக்கையில காஞ்சிபுரமும் இருக்கு. கல்வியை அடிப்படை உரிமை ஆக்கின 86ஆவது அரசியல் சட்டத் திருத்தமே 2002லதான். தறியில இருந்து பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பினது இந்தத் தலைமுறைச் சாதனை. அது பெரிய விஷயம்.

இப்போ அதே தறி வீட்டுல ஒரு ஆட்டிசப் பிள்ளை. பள்ளியில சேர்த்தாச்சு. ரெண்டாவது வாரம் பள்ளியில இருந்து ஒரு வேண்டுகோள்: "அம்மா, நீங்களே வந்து கூட உக்காந்துக்கோங்க." மரியாதையாத்தான் கேக்குறாங்க. 50 பிள்ளைகளை வச்சுக்கிட்டு அந்த டீச்சரும் என்ன செய்வாங்க? ஆனா தார் சுத்துறதும், கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உக்கார்றதும் அந்த அம்மாதான். அவங்க வகுப்புல உக்காந்தா தறி நிக்குது. நெசவுக்கு மாசச் சம்பளம் கிடையாது, முடிச்ச புடவைக்குத்தான் கூலி. அதாவது பள்ளி செய்ய வேண்டிய ஒரு வேலைக்கு, ஒரு நெசவுக் குடும்பம் சம்பளம் இல்லாம ஆள் அனுப்புது. ஐடி வேலையை விட்டுட்டுப் பிள்ளையோட உக்கார்ற சென்னை அம்மா கதையும் இதேதான், தொகை மட்டும் வேற.

சட்டம் இப்படிச் சொல்லல. 2016 சட்டத்தோட 16ஆவது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாப் பள்ளியும் பாகுபாடு இல்லாமச் சேர்த்துக்கிட்டு, தேவையான ஆதரவைத் தரணும்னு சொல்லுது. 17ஆவது பிரிவு ஆசிரியர் பயிற்சி, தேர்வுல கூடுதல் நேரம், எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு எல்லாம் பேசுது. 31ஆவது பிரிவு, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் சான்றிதழ் உள்ள 6 முதல் 18 வயசுப் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியிலயோ, விரும்பினா சிறப்புப் பள்ளியிலயோ இலவசக் கல்வி. கூட உக்கார வேண்டியது அம்மான்னு எந்தப் பிரிவுலயும் இல்ல.

ஆனா ஆதரவு தர ஆள் வேணுமே. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்குல உச்ச நீதிமன்றம் 2021ல சிறப்பு ஆசிரியர் பத்தாக்குறையை எடுத்து விசாரிச்சது. அதுக்கப்புறம் 2022ல மத்திய அரசு விகிதம் அறிவிச்சது: தொடக்க வகுப்புல இந்தப் பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதுக்கு மேல 15 பேருக்கு ஒருத்தர். 2025 மார்ச்லயும் அதே நீதிமன்றம், மாநிலங்கள் இதுக்கான பணியிடங்களை அறிவிக்கணும்னு உத்தரவு போட வேண்டியிருந்தது. கட்டம் வந்துடுச்சு. நாற்காலியில ஆள் இன்னும் வரல.

தூரமும் ஒரு விஷயம். பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனம் முட்டுக்காட்டுல இருக்கு. 2019 வரைக்கும் அது காஞ்சிபுரம் மாவட்டம். மாவட்டம் பிரிஞ்சப்போ செங்கல்பட்டுக்குப் போயிடுச்சு. திருப்பருத்திக்குன்றத்துல இருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு ஈசிஆர் வரைக்கும் பஸ் மாறி மாறிப் போறது ஒரு நாள் கூலி. அதனால பக்கத்துல இருக்குறதைப் பிடிச்சுக்கணும். வட்டார வள மையத்துல சிறப்புப் பயிற்றுநர் யார்னு கேளுங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆதரவு அங்க இருந்துதான் வருது. சான்றிதழுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். 18 வயசுக்கு மேல சட்டப் பாதுகாவலர் வேணும்னா, கலெக்டர் தலைமையில இருக்குற உள்ளூர்க் குழு. பள்ளி சேர்க்க மறுத்தா, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்கிட்ட புகார் குடுக்கலாம்.

இன்னொண்ணு. பள்ளிகிட்ட எதைக் கேட்டாலும் எழுத்துல கேளுங்க. வாய்ல கேட்டா "பார்க்கலாம்மா". தேதி போட்ட ஒரு பக்கக் கடிதம்னா அது கோப்புல ஏறும். டொனால்டோட அப்பா மாதிரி 33 பக்கம் வேணாம். எந்தச் சத்தம் ஆகாது, எப்படிக் கூப்பிட்டா திரும்புவான், பசிச்சா எப்படிச் சொல்லுவான், கோபம் வர்றதுக்கு முன்னாடி கை என்ன செய்யும். இதை அந்தப் பிள்ளையோட டீச்சரைவிட, டாக்டரைவிட, நல்லா எழுதத் தெரிஞ்சவங்க வீட்டுல இருக்குறவங்கதான். எழுதத் தெரியாத அம்மாவுக்கு அதை எழுதிக் குடுக்குறது, இதைக் கேட்டுக்கிட்டு இருக்குற உங்களால, என்னால முடியும். பக்கத்து வீட்டுல அப்படி ஒரு அம்மா இருந்தா ஒரு சாயங்காலம் போதும்.

அடுத்த எபிசோடுல தேர்வு மண்டபம் பத்திப் பேசலாம்: கூடுதல் நேரமும், சொல்றதை எழுத ஒரு ஆளும் எப்படி வந்தாங்க என்ற கதை. அதுவரைக்கும், உங்க தெருவுல இருக்குற பள்ளிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க: "இங்க சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருவாங்க?" வர்ற பதிலை எனக்கு அனுப்புங்க.